வெங்கச்சாங்கல் இல்லாத மலை

கொங்கு நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வெங்கச்சாங்கல்லை யாரும் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. காட்டு வரப்பிலும் ரோட்டோரத்திலும் கிணறு வெட்டிக் கொட்டிய மேட்டிலும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். இரண்டை எடுத்து இருட்டில் அழுத்தி உரசினால் கல்லுக்குள்ளேயே ஒரு வெளிச்சம் ஓடும். கூடவே கருகிய வாடை அடிக்கும். அறிவியல் நூல்கள் அதைக் குவார்ட்ஸ் என்கின்றன. சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த கல். ஆற்று மணலில் பெரும்பகுதி அதுதான்; கருங்கல் ஜல்லியில் கண்ணாடித் துண்டு போல மினுங்குவதும் அதுதான்.

திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவே சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் சிவன்மலையின் பாறையில் மட்டும் இந்தக் கல்லைத் தேடிப் பயனில்லை. சுற்றிலும் காடெல்லாம் வெங்கச்சாங்கல் சிதறிக் கிடக்க, மலையின் உடம்பில் அது இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நம்மைப் பூமியின் ஆழத்துக்கும், கொஞ்சம் சுற்றி இத்தாலிக்கும், கடைசியில் நொய்யல் கரைக்கும் கூட்டிப் போகிறது.

திருப்பூர் வீரபாண்டியில் இருப்பவர்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் ஓவர்லாக் மிஷின்கள் அன்று ஓய்ந்திருக்கும். வீரபாண்டிப் பிரிவில் டவுன் பஸ் பிடித்து, திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் காங்கேயம் வண்டிக்கு மாற வேண்டும். நல்லூர் தாண்டியதும் சாயப் பட்டறைகளும் குடோன்களும் மெல்லக் குறைந்து, கிளுவை வேலி போட்ட காடுகள் தொடங்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

வழியில் முதலில் வருவது படியூர். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்கு டீக்கடையும் பேக்கரியும் உள்ள சாதாரண ஊர். ரத்தினக் கற்களைப் பற்றிய பழைய நூல்களிலோ இதற்குத் தனி இடம் உண்டு. இங்கே வெட்டி எடுத்தது பெரில் என்னும் கனிமம். பச்சை கலந்த வெளிர்நீலம், கடல்நீர் போலத் தெளிவு. நகைக்கடைக்காரர்கள் அதை அக்வாமரைன் என்பார்கள். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் நடத்திக் கற்களை எடுத்திருக்கிறார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே உள்ளூர்க்காரர்கள் எடுத்திருக்கிறார்கள்.

பெரில் எப்படி உண்டாகிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிவன்மலை புரிவதற்கு அது தேவைப்படும். ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறும்போது எல்லாத் தனிமங்களும் ஒரே நேரத்தில் கல்லாவதில்லை. இரும்பு, மக்னீசியம் போன்றவை முதலில் படிகமாகி ஒதுங்கும். பெரிலியம் மிகச் சிறிய அணு. பொதுவான கனிமங்களின் கூட்டில் அது பொருந்தி உட்காராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே தள்ளப்பட்டு, கடைசியாக மிஞ்சும் நீர்த்த குழம்பில் வந்து சேரும். அந்தக் குழம்பில் சிலிக்கா ஏராளம், நீரும் ஏராளம். சுற்றுப் பாறையின் வெடிப்புகளில் அது புகுந்து ஆறும்போது படிகங்கள் விரலளவும் கையளவும்கூட வளரும். அங்கே பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவோடு சேர்ந்து பெரில் ஆகின்றன. பக்கத்திலேயே வெங்கச்சாங்கல் கட்டிகட்டியாக உறைந்திருக்கும். சுருக்கமாக, படியூர்க் கல் சிலிக்கா நிறைந்த இடத்தில் பிறந்த கல்.

படியூரை விட்டுக் கொஞ்ச நேரத்தில் மலை தெரியும். அடிவாரத்தில் இறங்கினால் பூக்கடைகளும் தேங்காய்ப்பழக் கடைகளும். மேலே முருகன் கோயிலுக்குப் போக வண்டிப்பாதை உண்டு, படிகளும் உண்டு. படியிலேயே ஏறுங்கள் என்பேன். வண்டியில் போகிறவர்கள் முருகனைப் பார்ப்பார்கள். படியில் போகிறவர்களுக்கு மலையும் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் வெளிறிய சாம்பல் நிறப் பாறை. ஊரில் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போடும் கருங்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வெயிலும் மழையும் பட்ட முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சிறுசிறு பள்ளங்கள் இருக்கும் பாறைகளைத் தேடுங்கள். நெஃபலின் என்ற கனிமம் கரைந்து போன குழிகள் அவை. அதோடு சேர்ந்து வளர்ந்த ஃபெல்ட்ஸ்பார் அவ்வளவு சீக்கிரம் கரையாது. அது மேடாக நிற்கும். விரலால் தடவினாலே இரண்டும் தனித்தனியாகத் தட்டுப்படும்.

நெஃபலினும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த இந்தப் பாறைக்கு நெஃபலின் சயனைட் என்று பெயர். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1901இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தவரும் அவரே. பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவரானார். தேர் பார்க்கவும் நேர்த்திக்கடன் தீர்க்கவும் ஜனங்கள் ஏறிய இந்த மலையில் அவர் கல் உடைத்துப் பார்த்தார். உலகில் அரிதாகவே காணப்படும் ஒரு பாறை இனத்துக்கு இந்தியாவில் கிடைத்த மிக நல்ல உதாரணங்களில் ஒன்று என்று இந்த மலை அன்றிலிருந்து பாடநூல்களில் இடம் பிடித்துவிட்டது.

வெங்கச்சாங்கல் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். சோடியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்துதான் ஃபெல்ட்ஸ்பார் ஆக வேண்டும். அதில் ஒரு வகையான ஆல்பைட்டுக்கு ஒரு சோடியம் அணுவுக்கு மூன்று சிலிக்கன் அணுக்கள் வேண்டும். நெஃபலினுக்கு ஒரு சோடியத்துக்கு ஒரு சிலிக்கன் போதும். கம்பெனியில் துணி போதாத நாளில் கட்டிங் மாஸ்டர் என்ன செய்வார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டைக்குத் துணி இருக்கிறவரைக்கும் முழுக்கை வெட்டுவார். குறைந்துபோனால் மிச்சத்தைக் கையில்லாத பனியனாக வெட்டிவிடுவார். குழம்பில் சிலிக்கா தாராளமாக இருந்தால் எல்லாச் சோடியமும் ஃபெல்ட்ஸ்பார் ஆகி, அதற்குமேல் மிஞ்சிய சிலிக்கா வெங்கச்சாங்கல்லாக உறையும். சிலிக்கா போதாவிட்டால் ஒரு பங்கு ஃபெல்ட்ஸ்பாராகவும் மீதி நெஃபலினாகவும் முடியும். மிச்சம் என்று ஒரு துளி சிலிக்காவும் இருக்காது. அதனால் நெஃபலின் இருக்கும் பாறையில் வெங்கச்சாங்கல் இருக்க முடியாது. இரண்டும் ஒரே குழம்பில் எதிர்ப்பட்டால் உடனே சேர்ந்து ஃபெல்ட்ஸ்பாராக மாறிவிடும்.

பற்றாக்குறை இதோடு நிற்கவில்லை. இந்த மலையின் சில பகுதிகளில் அலுமினியம் கூடுதலாக இருந்தது. மற்றக் குழம்புகளில் என்றால் உபரி அலுமினியம் சிலிக்காவோடு ஏதாவதொரு கனிமமாகிவிடும். இங்கே அதற்குக் கொடுக்கச் சிலிக்கா இல்லை. அலுமினியம் வெறும் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து தனியாகப் படிகமானது. அதுதான் குருந்தம். மிகக் கடினமான கனிமம். கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. பெரும்பாலும் மங்கலாக, ஒளி ஊடுருவாத கட்டியாகவே கிடைக்கும். எப்போதாவது தெளிந்த படிகமாகி, துளியளவு இரும்பும் டைட்டானியமும் சேர்ந்துவிட்டால் அதையே நீலம் என்கிறோம். குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம்.

படியூரில் அலுமினியத்துக்குச் சிலிக்கா வேண்டுமளவு கிடைத்தது, பெரில் ஆனது. சிவன்மலையில் கிடைக்கவில்லை, குருந்தம் ஆனது. இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் சில நிமிடத் தூரம். இப்படி நேரெதிரான இரண்டு வேதியியல்கள் இத்தனை நெருக்கமாக அமைந்த இடம் நம் வாசலிலேயே இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், ஒரு தடவையாவது இந்தப் படிகளில் ஏற்றி, கையில் ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சிலிக்கா குறைந்த அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? பூமியின் மேலோட்டுப் பாறைகள் உருகினால் சிலிக்கா நிறைந்த குழம்புதான் வரும். மேலோட்டுக்கும் கீழே உள்ள மான்டில் அடுக்கு, முழுக்க உருகாமல் மிகச் சிறிய அளவு மட்டும் உருகும்போது சோடியமும் பொட்டாசியமும் கூடி, சிலிக்கா குறைந்த திரவம் கசியும். பாலக்காட்டிலிருந்து காவிரிச் சமவெளி வரை பூமியின் ஓட்டில் ஒரு பழைய பலவீனமான பட்டை ஓடுகிறது. சிவன்மலை அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்டிகாவும் நெருங்கி ஒட்டிக் கோண்டுவானாப் பெருங்கண்டமாகிக் கொண்டிருந்த காலத்தில், குழம்பு அந்த வழியே ஏறி வந்து ஆழத்திலேயே நின்று ஆறியது. அப்போது மீன்கூடத் தோன்றவில்லை. அதன்மேல் கிடந்த பாறை அத்தனையும் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போன பிறகுதான் இது வெளியே தெரிந்தது. பக்கத்துப் பாறையைவிட நின்று தாக்குப்பிடித்ததால் மலையானது.

மேலே கோயில். வள்ளி தெய்வானையோடு சுப்பிரமணியர். இந்தத் தலத்தைப் பட்டாலியூர் என்ற பெயரில் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். தைப்பூசத் தேருக்கு அடிவாரம் கொள்ளாத கூட்டம் வரும். பிரகாரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார்; அவர் கோயிலில் வந்து சொல்ல, சாமியிடம் பூக் கேட்டு உத்தரவு வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், தங்கம், துப்பாக்கி என்று பல பொருள்கள் அதில் இருந்திருக்கின்றன. நான் போகும்போதெல்லாம் பெட்டிக்கு முன்னால் கூட்டம் நின்றுகொண்டிருக்கும். இந்தப் பொருளால் இந்த வருஷம் என்ன ஆகும் என்ற பேச்சு ஓயாது. ஒரு தடவை என் பக்கத்தில் நின்ற பெரியம்மா, “ஏனுங் தம்பி, கல்லையே பார்த்துட்டு வர்றீங்க, பெட்டியில என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டார். பார்த்தேன். பிறகு அவருக்கு நெஃபலின் குழிகளைக் காட்டினேன். அவரும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

கோயில் மதிலருகே நின்றால் நாலாபுறமும் தரை விரிந்து கிடக்கும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகள். கீழே கட்டம் கட்டமாகக் கிளுவை வேலிகள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும். இவைதான் கொரங்காடுகள். பாறை மேலேயே கிடக்கிறது, மண் மெல்லிசு, மழையும் குறைவு. உழுது என்ன விதைத்தாலும் நம்ப முடியாத தரையில் புல்லை வளர்த்து மாட்டை மேயவிட்டார்கள். உறுதியான காலும் குளம்பும் கொண்ட காங்கேயம் மாடு அந்தத் தரையின் விளைச்சல். கன்றாக இருக்கும்போது சிவப்பாகவும் வளர்ந்தபின் சாம்பலாகவும் மாறும் அந்த இனத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்தது ஊரறிந்த சங்கதி.

இத்தாலி எங்கே வருகிறது? சிவன்மலையின் குழிக்குக் காரணமான நெஃபலினை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயி என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரிட்டு விவரித்தது நேப்பிள்ஸ் நகருக்கு அருகே வெசுவியஸ் எரிமலையில் எடுத்த கற்களில். வெசுவியஸைச் சுற்றி அரைவட்டமாக நிற்கும் பழைய எரிமலை விளிம்பு சோம்மா மலை. அந்தச் சரிவில் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள் உண்டு. சோம்மா வெசுவியானா ஊரின் காசமாலே என்னும் பழைய பகுதி அப்படிப்பட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மலையேறி அந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் மிதிப்பதும் சிலிக்கா குறைந்த குழம்பு உறைந்த தரையைத்தான்.

இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று இருக்கிறது. ரோமானியரான மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் பெரில் கற்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவை இந்தியாவிலிருந்து வருகின்றன, வேறெங்கும் அரிது என்கிறார். அவற்றை ஆறு பட்டையாகத் தீட்டினால்தான் ஒளி கூடுகிறது என்றும், அவை பிறக்கும்போதே பட்டையோடு பிறக்கின்றன என்று சிலர் கருதுவதாகவும் சொல்கிறார். அந்தச் சிலர் சொன்னது சரி. பெரிலுக்குள் சிலிக்கன் அணுக்கள் ஆறாறாக வளையம் கட்டி, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி நிற்கின்றன. அதனால்தான் படிகம் தானே ஆறு பக்கத் தூணாக வளர்கிறது. இந்திய வணிகத்தால் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் வெளியே போகிறது என்று கவலைப்பட்டவரும் இந்தப் பிளினிதான். அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் பக்கம் வந்தது. திருப்பூரை அடுத்த கத்தாங்கண்ணியில் அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன.

கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது பிளினி கடற்படைத் தலைவராக இருந்தார். மக்களை மீட்கக் கப்பலில் போனவர் ஸ்டாபியே கரையில் இறந்தார். அன்று வானத்திலிருந்து கொட்டிய நுரைக்கல்லின் வகைக்குப் போனலைட் என்று பெயர். சிவன்மலையின் நெஃபலின் சயனைட்டும் போனலைட்டும் ஒரே வகைக் குழம்பின் இரண்டு முடிவுகள். ஆழத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறினால் கண்ணுக்குத் தெரியும் படிகங்களோடு சயனைட். எரிமலை வாயால் வெளியே வந்து சட்டென்று ஆறினால் போனலைட். இங்கே குழம்பு பூமிக்குள் அடங்கிப்போனது. அங்கே பொம்பெய் நகரத்தையே மூடியது. இரண்டு குழம்புக்கும் காலத்திலும் இடத்திலும் எந்த உறவும் இல்லை, உறவு வேதியியலில் மட்டும். படியூர் போன்ற இடங்களின் கல்லைப் புகழ்ந்து எழுதிய மனிதர், சிவன்மலைப் பாறைக்கு இனமான குழம்பு வெடித்தபோது மாண்டார்.

அந்தப் பெரில் கற்களை ரோமுக்கு அனுப்பியவர்கள் யார் என்று பார்க்க நினைத்தால், சிவன்மலையிலிருந்து காங்கேயம் போய், சென்னிமலை வழியாக நொய்யலின் வடகரைக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர்கள் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே அகழாய்வு செய்தது. 2012, 2013இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் மீண்டும் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் என்று கிடைத்தவை ஏராளம். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்வது கல்மணித் தொழிலின் கழிவு. உடைத்த சில்லு, பாதி தீட்டிய மணி, துளைபோடும்போது பிளந்துபோன மணி, முடித்த மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் இருந்தது. கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று பிரித்து வேலை செய்யும் நமக்கு அந்தக் குப்பையைப் படிப்பது கடினமில்லை.

பெரில் படியூரிலிருந்தும், நீலம் சிவன்மலையிலிருந்தும், குவார்ட்ஸ் வெங்கமேட்டிலிருந்தும், இரும்புத்தாது சென்னிமலைப் பக்கமிருந்தும் கொடுமணலுக்கு வந்திருக்க வேண்டும் என்று ராஜன் எழுதுகிறார். சிலிக்கா நிறைந்த இடத்தில் என்ன எடுக்கலாம், குறைந்த இடத்தில் என்ன எடுக்கலாம் என்ற சூத்திரம் அந்தக் கைவினைஞர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் எந்தக் காட்டில் எந்தக் கல் கிடக்கும், எந்தக் கல் எதைத் தேய்க்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. குவார்ட்ஸின் கடினம் 7, பெரில் 7½ முதல் 8 வரை, குருந்தம் 9. குருந்தத்தைப் பொடித்தால் மற்ற இரண்டையும் தீட்டலாம். வெங்கச்சாங்கல்லும் குருந்தமும் சாதாரணமாக ஒரே பாறையில் சேர்ந்து பிறப்பதில்லை; கொடுமணலில் இரண்டும் ஒரே ஊரின் குப்பையில் சேர்ந்து கிடந்தன, மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்ததால்.

கொடுமணலின் ஓரம் ஓடும் நொய்யல் திருப்பூரைக் கடந்துதான் இங்கே வருகிறது. சாயத்தண்ணீரில் இருந்த உப்பு, கொடுமணலுக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணைவரை தேங்கிக் காடுகளைக் கெடுத்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் மீண்டும் திறக்கலாம் என்றானது. வீரபாண்டியிலும் அப்படியொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு முன்பு உலகத்துக்கே மணி கோத்துக் கொடுத்த ஆற்றங்கரை அது. அதில் நல்ல தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசைதான்.

கொடுமணலுக்கு பஸ் அடிக்கடி கிடையாது. சென்னிமலையில் இறங்கியதும் திரும்பும் வண்டிக்கும் சேர்த்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நடக்கும்போது காலடியில் ஏதாவது சில்லு மின்னலாம். எடுத்துப் பாருங்கள், கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை தோண்ட வருகிறவர்களுக்கு அந்தச் சில்லு எந்த இடத்தில் கிடந்தது என்பது தெரிய வேண்டும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் வெங்கச்சாங்கல்.